ஒன்பது மரம், ஒன்பது ருசி: பேரில்லாத பட்டர் ஃப்ரூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

எங்கள் தோட்டத்தில் ஒன்பது பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் பேர் கிடையாது. கிணத்தடி மரம், கொட்டகை மரம், பள்ளத்து மரம், கோயில் மேட்டு மரம் என்று நிற்கிற இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலையில், காபிக்கு நிழலாக இருக்கட்டும் என்று என் மாமனார் கொட்டையை ஊன்றிவிட்டவை. அவர் காலத்தில் இதைச் சாப்பிட ஆளில்லை. காய் விழுந்து அழுகும். காட்டுப்பன்றி வந்து தின்னும். இன்றைக்கு வத்தலக்குண்டிலிருந்து வண்டி வருகிறது. ஆனால் ஒன்பது மரத்துக் காயும் ஒரே சாக்கில், ஒரே விலையில்தான் போகிறது. கடைக்கு அது அவகாடோ, புத்தகத்தில் வெண்ணெய்ப்பழம், இலங்கையில் ஆனைக்கொய்யா. எந்த மரத்துப் பழம் என்று கேட்கிறவர் யாரும் இல்லை.

நான் கேட்க ஆரம்பித்தது ஒரு தப்பைச் செய்த பிறகு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நல்ல பசியில், பள்ளத்து மரத்துப் பழம் ஒன்றை அறுத்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். அப்படியொரு ருசி. அந்த வாரமே அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து இருபது கன்றில் கட்டிவிட்டேன். கன்றுகள் வளர்ந்து காய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழுத்த மறுநாளே காம்படியில் கருப்பு இறங்குகிறது, கத்தியை வைத்தால் சதைக்குள் நார் நாராக இழுக்கிறது. தாய் மரத்திலும் அதே கதைதான். ஒரே ஒரு பழத்தைத் தின்று தீர்ப்பு எழுதியது நான். அதன் பிறகு நானாகப் பட்டும், தெரிந்தவர்களிடம் கேட்டும் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மரம் இல்லாதவர்களும் சந்தையில் மூன்று நாலு விதம் வாங்கி இதைச் செய்யலாம்.

ஏன் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி

இந்த மரத்தின் பூ விசித்திரமானது. ஒரே பூ இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும், மறுநாள் ஆணாக விரிந்து மகரந்தத்தைக் கொட்டும். சில மரங்கள் காலையில் பெண்ணாக விரியும், சில மரங்கள் மத்தியானத்துக்கு மேல். அதனால் தேனீ பெரும்பாலும் பக்கத்து மரத்து மகரந்தத்தைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். கொட்டை போட்டு முளைக்கிற கன்று தாயைப் போல இருக்காது. நல்ல பழத்தின் கொட்டையைத் தொட்டியில் முளைக்க வைத்துவிட்டு அதே ருசிக்குக் காத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். அதிர்ஷ்டமும் அடிக்கலாம்.

அதிர்ஷ்டம் அடித்த கதை ஒன்று உண்டு. இப்போது உலகம் முழுக்க விற்கிற ஹாஸ் ரகமும் இப்படி ஊன்றிய கொட்டையில் வந்த மரம்தான். கலிபோர்னியாவில் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்ற இடத்தில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1926-இல் வைத்தது. அந்தக் கன்றில் வேறு நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார், ஒட்டு பிடிக்கவில்லை. வெட்டிப்போட இருந்த மரத்தைக் காப்பாற்றியது அவர் பிள்ளைகளின் நாக்கு. இந்தப் பழம்தான் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால் மரம் நின்றது. 1935-இல் காப்புரிமை வாங்கினார். தாய் மரம் 2002 வரை உயிரோடு இருந்து வேரழுகலில் செத்தது. அதற்கு முன்னால் அங்கே கொடிகட்டிப் பறந்த ரகம் ஃபூயர்த்தே. மெக்சிகோவின் அத்லீஸ்கோ ஊரிலிருந்து 1911-இல் ஒட்டுக்குச்சியாகப் போனது. 1913-இல் வந்த கடுங்குளிரைத் தாங்கி நின்றதால் ஸ்பானிய மொழியில் 'பலசாலி' என்று அர்த்தம் வருகிற அந்தப் பேர். ஆக, பேர் என்பது பின்னால் வருவது. முதலில் யாரோ ஒருவர் ஒழுங்காகத் தின்று பார்த்திருக்க வேண்டும்.

தின்பதற்கு முன்னால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசம் அடித்தால் மெக்சிகோ வம்சத்து ரத்தம் அதில் ஓடுகிறது. இந்த வம்சத்தில் காய் சிறியது, தோல் மெல்லியது, எண்ணெய் அதிகம். குவாத்தமாலா வம்சத்தில் தோல் தடித்துச் சொரசொரவென்று இருக்கும். மேற்கிந்திய வம்சம் பெரிய காய், வழவழத் தோல், நீர் அதிகம், எண்ணெய் குறைவு, லேசான தித்திப்பு. ஃபுளோரிடாவிலிருந்து வந்து நம் பக்கத்திலும் இலங்கையிலும் பரவிய பொல்லாக் இந்த வகை. ஹாஸில் குவாத்தமாலாப் பங்குதான் அதிகம், கொஞ்சம் மெக்சிகோ. எங்கள் ஒன்பதில் இரண்டு மரத்து இலையில் மட்டும் சோம்பு வாசம் உண்டு. கசக்கிய இலையை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த இலையில் பெர்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடு, மாடு, பறவை எல்லாவற்றுக்கும் ஆகாது.

பறிக்கிறதில்தான் பாதி

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது. எவ்வளவு நாள் தொங்கினாலும் கல்லு மாதிரியே இருக்கும், பறித்த பிறகுதான் பழுக்கும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. வசதி, மரத்தையே கிட்டங்கியாக வைத்துக்கொள்ளலாம். ஆபத்து, முற்றாத காயும் பறித்தபின் ஒரு மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அது பழுத்ததில்லை, வெம்பியது. தோல் சுருங்கி, உள்ளே ரப்பர் மாதிரி, துவர்ப்போடு இருக்கும். 'பட்டர் ஃப்ரூட்டா, அது சோப்பு மாதிரி இருக்குமே' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் தின்றது வெம்பல் காயைத்தான். ரகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் காய் முற்றியதா என்று பாருங்கள்.

முற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சைக் காய் மரமென்றால் தோலின் மினுமினுப்புப் போய் மங்கலாகும். ஊதா மரமென்றால் அங்கங்கே ஊதா தட்டும். சில மரங்களில் காயை ஆட்டினால் கொட்டை உள்ளே கடகடக்கும். (கடகடக்கிற மரத்துக் காய் லாரியில் போனால் உள்ளே அடிபடும், அதையும் நோட்டில் குறிக்க வேண்டும்.) நிச்சயமான சோதனை ஒன்றுதான். ஒரு காயை அறுத்துக் கொட்டையைப் பாருங்கள். கொட்டையைச் சுற்றிய தோல் வெள்ளையாகத் தடித்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து காகிதம் போல ஆகியிருந்தால் பறிக்கலாம்.

ஒரு மரத்துக்கு மூன்று காயாவது வேண்டும், அதுவும் வெயில் படும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று. காம்பைத் திருகாமல் ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். காம்பு பிய்ந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். தொரட்டியால் இழுத்துக் கீழே விழுந்த காயைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அடி வெளியே தெரியாது, உள்ளே கன்றியிருக்கும். பறித்த கையோடு காகித ஒட்டுத்தாள் ஒன்றைக் காயில் ஒட்டி, மரத்தின் பேரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்பது பச்சைக் காய்கள் மேஜை மேல் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். எனக்குச் சிரித்திருக்கிறது.

வாங்கிச் சோதிப்பவர்கள் கடைக்காரரிடம் ஊரையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரகம் கேட்டால் எல்லாரும் ஹாஸ் என்பார்கள். நானே ஒரு நாற்றுப்பண்ணையில் 'ஹாஸ் ஒட்டுக்கன்று' என்று பணம் கொடுத்து வாங்கிய நாலு கன்றும் வழவழப் பச்சைக் காய் காய்த்தன. ஹாஸ் தோல் சொரசொரப்பாக இருக்கும், பழுக்கும்போது கருஊதாவாக மாறும். பழுத்த பின்னும் பச்சையாகவே நிற்கிறது என்றால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது ஹாஸ் இல்லை. நாலில் ஒன்று மோசமில்லை என்பதால் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

ஒரே நாளில் பழுக்க வைப்பது

இதுதான் இந்த வேலையிலேயே சிரமமான இடம். நான் அதிகம் தோற்றதும் இங்கேதான். ஒரு மரத்துக் காய் ஐந்து நாளில் பழுக்கும், இன்னொன்று பத்து நாள் இழுக்கும். பழுத்ததையும் செங்காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றால் நீங்கள் ஒப்பிடுவது ரகத்தை இல்லை, பழுத்த நாளை.

மெதுவாகப் பழுக்கிற மரத்துக் காயை முதலில் பறியுங்கள். பறித்ததை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் அறைச் சூட்டில் வையுங்கள். பின்தங்குகிற காயை ஒரு பழுத்த மலைவாழைப் பழத்தோடு காகிதப் பையில் போட்டுக் கட்டினால் வேகம் பிடிக்கும், வாழையிலிருந்து வருகிற எத்திலீன் வாயு தள்ளிவிடும். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் நடக்கும், ஆனால் நாலு மரத்துக் காயைப் புதைத்தால் எது எது என்று தேடவேண்டி வரும். முந்திக்கொண்டு பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாள் நிறுத்தலாம். பழுத்த பிறகுதான். பழுக்காத காயை ஃப்ரிட்ஜில் போட்டால் உள்ளே சாம்பல் நிறம் ஓடி, பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சில்லென்று இருக்கிற பழத்தில் வாசமே எழும்பாது.

பழுத்ததா என்று பெருவிரலால் அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். அமுக்கிய இடம் மறுநாள் கருப்பாகும், அப்புறம் மரத்தின் மேல் பழி போடுவீர்கள். உள்ளங்கையில் வைத்து விரல் முழுவதையும் மூடி லேசாகப் பிடியுங்கள். வயிற்றுப் பக்கம் இளகி, காம்புப் பக்கம் கல்லாக இருந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். காம்படி இளகுவதுதான் கடைசி. இந்த ஒரு வரியை அலட்சியம் பண்ணியதால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. பின்னால் சொல்கிறேன்.

நாக்குக்கு முன்னால் தராசு

சமையல் தராசு ஒன்று போதும். முழுப் பழம், தோல், கொட்டை, சதை என்று நாலு எடை. கொட்டகை மரத்துப் பழம் ஒன்று 412 கிராம். பார்க்கவே ஆசையாக இருக்கும். அறுத்தால் கொட்டை 96, தோல் 48, சதை 268. அதாவது நூற்றுக்கு 65. கோயில் மேட்டு மரத்துப் பழம் 286 கிராம்தான், சோதாப் பயல் மாதிரி இருக்கும். கொட்டை 38, தோல் 34, சதை 214. நூற்றுக்கு 75. பெரிய பழம் வாங்குகிறவர் கொட்டைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

அடுத்தது உலர் எடை. பழத்தில் நீர் போக மிஞ்சுகிற சரக்கு. எண்ணெய் கூடக் கூட இதுவும் கூடும், அதனால் எண்ணெயை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கலிபோர்னியாவில் ஹாஸ் காயைப் பறிக்க 20.8 சதவீதம் உலர் எடை இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். காய் கல்லாக இருக்கும்போதே செய்வது நல்லது. தோல் சீவுகிற கத்தியால் சதையை மெல்லிய சீவலாக்கி, 50 கிராம் நிறுத்து, தட்டில் பரப்பி, மைக்ரோவேவில் குறைந்த சூட்டில் வையுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் எடுத்து எடை போட்டுப் பார்த்து, எடை இறங்குவது நிற்கும்வரை தொடர வேண்டும். 50 கிராம் 12 கிராமாக நின்றால் 24 சதவீதம். முதல் தடவை நான் பொறுமையில்லாமல் சூட்டை ஏற்றிவிட்டேன். கொப்பரை கருகிய நாற்றம் மூன்று நாள் வீட்டில் நின்றது. மைக்ரோவேவ் வாங்கிக் கொடுத்த மகன் போனில் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

ருசி பார்க்க உட்காருகிற ஒவ்வொரு தடவையும் பொதுவாக ஒரு பழம் இருக்கட்டும். நான் டி.கே.டி.-1 வைத்துக்கொள்கிறேன். இங்கே பக்கத்தில் தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். நடுத்தர அளவு, உருண்டை, கொழுப்பு 23.8 சதவீதம் என்று அவர்கள் கணக்கு. இந்த வருஷம் தின்றதையும் போன வருஷம் தின்றதையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டையும் டி.கே.டி.-யோடு ஒப்பிட்டிருந்தால் ஓரளவு பிடி கிடைக்கும். குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி இரண்டும் கிடைத்தால் விடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் டான்சானியாவிலிருந்து வருகிற ஹாஸை அளவுகோலாக வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. அது எங்கோ பறித்து, குளிரில் கப்பல் ஏறி வந்த பழம். அதோடு, ஹாஸை நடுவில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் 'ஹாஸ் மாதிரி இல்லை' என்று ஆகிவிடும். மேற்கிந்தியப் பழம் ஹாஸ் மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அறுத்து வைத்துப் பார்ப்பது

காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் கத்தியை ஓட்டித் திருகுங்கள். முதலில் கண். தோலை ஒட்டி ஒரு பச்சை வளையம், உள்ளே போகப் போக வெளிர் மஞ்சள், கொட்டைப் பக்கம் நெய் மஞ்சள். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் பெரும்பாலும் சதை கெட்டியாக இருக்கும், ஆனால் நிறத்தை நம்பி எண்ணெயைச் சொல்ல முடியாது என்று தராசு எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காம்பிலிருந்து இறங்குகிற நார்கள் இருக்கின்றனவா, கொட்டையின் தோல் சதையில் ஒட்டிக்கொள்கிறதா, பழத்தின் தோல் வாழைப்பழம் மாதிரி உரிகிறதா, கரண்டியால்தான் வழிக்க வேண்டுமா என்று பார்த்து எழுதுங்கள். ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் தட்டில் தேயுங்கள். வெண்ணெயாக இழுபடுவது ஒன்று, ரவை மாதிரி நிற்பது ஒன்று, நீர் பிரிவது ஒன்று. இன்னொரு துண்டை அப்படியே ஓரமாக வைத்து அரை மணி கழித்துப் பாருங்கள். சில மரத்துப் பழம் பத்து நிமிஷத்தில் பழுப்பாகிவிடும், சிலது அப்படியே நிற்கும். ஜூஸ் கடைக்காரருக்கு இது ருசியை விட முக்கியம். பள்ளத்து மரத்தில் நான் பார்க்காமல் விட்டது அந்த நாரைத்தான்.

வாயில் வைப்பது

ஒரு உட்காரலுக்கு மூன்று மரம், மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் நாக்கில் எண்ணெய் படிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காபித் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தெரியவில்லை. இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிடி உப்பில்லாத பொரி. நீர்த்த பழத்தை முதலிலும் கொழுப்பான பழத்தைக் கடைசியிலும் தின்னுங்கள். தலைகீழாகச் செய்தால் நீர்த்த பழம் பாவம், தண்ணீராகத் தெரியும்.

எல்லாப் பழத்திலும் ஒரே இடத்திலிருந்து துண்டு எடுங்கள். நான் வயிற்றுப் பகுதியில், தோலிலிருந்து கொட்டைவரை முழு அகலத்துக்கு ஒரு விரல் தடிமன் துண்டு எடுப்பேன். பச்சை வளையத்துக்கு ஒரு ருசி, மஞ்சளுக்கு ஒரு ருசி, இரண்டும் சேர்ந்ததுதான் பழம். முதல் வாய் வெறுமனே. இரண்டாவது, ஒரு கல் உப்பு. சர்க்கரை, பால், எலுமிச்சை எல்லாம் அப்புறம். மெல்லாமல் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். வழுக்கை இளநீர் மாதிரி நழுவுகிறதா, வேகவைத்த சக்கரைவள்ளி மாதிரி மாவாக உதிர்கிறதா, வெண்ணெய் மாதிரி உருகிப் படிகிறதா? விழுங்கிய பிறகு பத்து எண்ணுங்கள். நல்ல பழம் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். கோயில் மேட்டுப் பழத்தில் விழுங்கியபின் வறுத்த நிலக்கடலை வாசம் மெதுவாக ஏறும். கொட்டகைப் பழத்தில் பச்சைப் பட்டாணித் தோலின் வாசம், கூடவே ஒரு தித்திப்பு. சாலையோர மரத்துப் பழம் முதலில் அருமையாக இருக்கும், எட்டு எண்ணும்போது தொண்டையில் ஒரு காறல் வரும். ஒரு வாய் தின்று 'சூப்பர்' என்கிறவர்களுக்கு அந்தக் காறல் தெரியாது.

வார்த்தைகளை உங்கள் சமையலறையிலிருந்தே எடுங்கள். நிலக்கடலை, முந்திரி, வழுக்கை, பட்டாணி, புல், பச்சைப் பால், சோம்பு. பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுவதை நான் விட்டுவிட்டேன். ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பதில் இரண்டிரண்டாக வைத்து, 'இதுவா, அதுவா' என்று மட்டும் கேட்கிறேன். மூன்று மரமென்றால் மூன்று ஜோடி. யார் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

தனக்கு நல்ல நாக்கு என்று சொல்லிக்கொள்கிற ஆள் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் என் கொழுந்தனார். அவருக்கு மூன்று துண்டு கொடுங்கள், இரண்டு ஒரே மரம், ஒன்று வேறு மரம். எது வேறு என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். கொழுந்தனார் நாலு தடவையில் ஒரு தடவைதான் சரியாகச் சொன்னார். அவரைக் கேலி செய்துவிட்டு நான் உட்கார்ந்தேன், எனக்கு இரண்டு. ஆக, கொட்டகை மரமும் அதன் பக்கத்து மரமும் ருசியில் வேறு வேறு என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தது கற்பனை.

கடைசியில் உபயோகம். நீர்த்த பழத்தை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்தால் கொட்டகைப் பழம்தான் ஜெயிக்கிறது. கொழுப்பான பழம் ஜூஸில் களி மாதிரி ஆகி, நாலு மடக்குக்கு மேல் திகட்டும். அதே கொழுப்பான பழத்தைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை போட்டுப் பிசைந்து சூடான தோசை மேல் தடவினால் வேறு ஒன்றும் வேண்டாம். தோசைக் கல்லில் வைத்துச் சூடாக்காதீர்கள், வெகுநேரம் சூடு பட்டால் கசக்கும். எந்த மரம் அதிகம் கசக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு துண்டை வாட்டிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் ஒரே மரத்துக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை செய்யுங்கள். மரத்தில் தொங்கத் தொங்க எண்ணெய் ஏறும். ஆனி மாதத்தில் சப்பென்று இருந்த மரம் ஆவணியில் ஆளே மாறியிருக்கும். தொடர் மழையில் பறித்தது நீர்த்திருக்கும் என்று மாமா சொல்வார். அதை இன்னும் தராசில் பார்க்கவில்லை.

இப்போது அந்த வழக்கு. போன ஆடியில் கிணத்தடி, கோயில் மேடு, கொட்டகை மூன்றையும் வைத்தேன். தட்டுக்கு அடியில் சீட்டு ஒட்டி, மேலே எண் மட்டும். அத்தையைக் கூப்பிட்டேன். கிணத்தடி மரம் மாமா முதன்முதலில் வைத்தது, அத்தைக்கு அதன் மேல் உயிர். அதனால்தான் சீட்டை மறைத்தேன். மூன்றையும் நிதானமாகத் தின்றார். ஒன்றாம் தட்டைத் தள்ளி வைத்து, 'இது கடைசி' என்றார். புரட்டினால் கிணத்தடி. எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. அத்தை முகம் மாறவில்லை. மிச்சமிருந்த பாதிப் பழத்தை எடுத்து, காம்படியில் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவில்லை.

'ஏத்தா, பழுக்காததை அறுத்து வச்சுட்டு மரத்தையா குறை சொல்லுவ?'

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தேன். கோயில் மேட்டு மரத்தில் எடுத்த ஒட்டுக்குச்சி பன்னிரண்டு கன்றில் பிடித்திருக்கிறது. எட்டுக் கன்றைக் கட்டாமல் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் கிணத்தடி மரத்தில் மூன்று காயைப் பறித்து மேஜையில் வைத்து ஆறு நாள் ஆகிறது. அத்தை காலையிலும் சாயங்காலமும் காம்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். இன்னும் இரண்டு நாள் ஆகுமாம்.